ஊர்ப் புல்வெளியைக் காத்த டாம் மோரிஸ்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் மாணவர்கள் மனத்தில் எழும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். உயர்ந்த வேலி, வாயிலில் காவலாளி, உள்ளே வரிசையாக விலையுயர்ந்த கார்கள். உறுப்பினர் அல்லாதவர் வெளியே நின்று பச்சைப் புல்லைப் பார்த்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். காலனி ஆட்சிக் காலத்தில் துரைமார்களின் மன்றங்கள் வழியாக நம் வட்டாரத்துக்கு வந்த விளையாட்டு அது. அந்த வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆனால் அந்த விளையாட்டு வளர்ந்த ஊரில் கதை வேறு. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், வடகடலை ஒட்டி, செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. உலகின் பழம்பெரும் கோல்ஃப் திடலான ஓல்ட் கோர்ஸ் அங்கேதான் உள்ளது. அதன் முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் குறுக்கே ஒரு பொதுச்சாலை செல்கிறது. கடற்கரைக்குப் போகும் தாய்மார்களும் குழந்தைகளும் அதைக் கடந்து நடக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் அவர்களுக்காகக் காத்து நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், பெரிய போட்டிகள் நடக்கும் சில நாள்களைத் தவிர, அங்கே யாரும் பந்தை அடிக்க முடியாது. அன்று திடல் முழுவதும் ஊர்மக்களின் நடைபாதை. நாயை அழைத்துக்கொண்டு, உலகச் சாம்பியன்கள் திணறிய மணற்பள்ளங்களின் ஓரமாக உலாவிவிட்டு வரலாம்.

அந்தத் திடலின் பதினெட்டாவது, அதாவது கடைசிக் குழிக்கு டாம் மோரிஸ் என்று பெயர். அந்தப் பெயருக்குரியவர் ஒரு நெசவாளியின் மகன். பிரபுவோ பணக்காரரோ அல்லர். மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக அந்த மண்ணில் சுமார் நாற்பது ஆண்டு உழைத்த மனிதர்.

டாம் பிறந்தது 1821 ஜூன் 16. அந்த ஆண்டுக்கு அவ்வூர் வரலாற்றில் இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள மண்ணின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையில் கிடக்கும் மணற்பாங்கான மேட்டு நிலத்தை ஸ்காட்லாந்தில் லிங்க்ஸ் என்பார்கள். உழுது பயிரிட உதவாத மண். ஆடு மேய்க்கலாம், துணி உலர்த்தலாம், விளையாடலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் மக்கள் நூற்றாண்டுகளாக அப்படித்தான் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அங்கே முயல் வளர்க்க அனுமதி பெற்றபோது, கோல்ஃப் உள்ளிட்ட விளையாட்டுகளை ஆடும் ஊர்மக்களின் உரிமையை எழுத்து வடிவில் ஒப்புக்கொண்டார். பிறகு 1797-இல், கடனில் மூழ்கிய நகர மன்றம் நிலத்தைக் கைமாற்றிவிட்டது. வாங்கியவர்கள் வணிகத்துக்காக முயல்களைப் பெருக்கினார்கள். முயல்கள் புல்தரையெங்கும் வளை தோண்டின. ஆட்டக்காரர்களுக்கும் முயல் பண்ணைக்காரர்களுக்கும் கைகலப்பு, வழக்கு, மேல்முறையீடு என்று இருபது ஆண்டுக்கு மேல் இழுத்தது. முயல் சண்டை என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. முடிவில் 1821-இல், பக்கத்துப் பண்ணையின் உரிமையாளரும் கோல்ஃப் ஆர்வலருமான ஜேம்ஸ் சீப் அந்த நிலத்தை வாங்கி ஆட்டத்துக்கு மீட்டுக் கொடுத்தார். டாம் பிறந்த அதே ஆண்டில் அந்தப் புல்வெளி பிழைத்தது.

ஆனாலும் நிலம் இன்னும் தனியார் கையில்தான் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கக் காசு ஏது? மது போத்தலின் தக்கையில் ஆணிகளைக் குத்திப் பந்தாக்கி, கையில் கிடைத்த கட்டையால் தெருவில் அடித்து விளையாடுவது அவ்வூர்ச் சிறுவர்களின் வழக்கம். டாமும் அப்படித்தான் தொடங்கினார். கொஞ்சம் வளர்ந்ததும் பெரியவர்களின் மட்டைகளைச் சுமந்து திடலில் நடந்தார்.

டாமுக்குப் பன்னிரண்டு வயதானபோது ஊரில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் திறந்தது. அதன் பெயர் மெட்ராஸ் காலேஜ். ஆம், நம் மதராஸ்தான். செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல் சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர்களுக்கான விடுதியை நடத்தியவர். அங்கே உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும், மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறைதான் அது. அதை மெட்ராஸ் முறை என்ற பெயரில் பிரிட்டன் முழுவதும் பரப்பி, தம் சொத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சொந்த ஊரில் பள்ளி நிறுவ வழிசெய்துவிட்டு 1832-இல் மறைந்தார். அந்தப் பள்ளி இன்றும் அதே பெயருடன் இயங்குகிறது.

பதினான்கு வயதில் டாம் தொழிலுக்குப் போனார். முதலாளியின் பெயர் ஆலன் ராபர்ட்சன். அக்காலத்தில் அவரை வெல்ல ஆளில்லை என்று பெயரெடுத்த ஆட்டக்காரர். ஆனால் அவருக்குச் சோறு போட்டது ஆட்டத்தைவிடப் பந்து செய்யும் தொழில்தான்.

அன்றைய பந்து, இறகுப் பந்து. ஈரத் தோலைத் தைத்து உறையாக்கி, ஒரு சிறு துளை வழியாக, வேகவைத்த வாத்து இறகுகளை இரும்புக் கம்பியால் அழுத்தித் திணிப்பார்கள். ஒரு பெரிய தொப்பி நிறைய உள்ள இறகு, கைக்குள் அடங்கும் ஒரு பந்துக்குள் போகவேண்டும். காயும்போது தோல் சுருங்கும், இறகு விரியும். பந்து கல்லாக இறுகும். திறமையான தொழிலாளி நாள் முழுக்க நெஞ்சைக் கொடுத்து அழுத்தினாலும் மூன்று நான்கு பந்துதான் செய்ய முடியும். அதனால் விலை அதிகம். மழையில் நனைந்தால் கெட்டது. இரும்பு மட்டை தவறிப்பட்டால் வெடித்தது. ஊர்த் திடலில் ஆடக் கட்டணம் கிடையாது என்றாலும் பந்து வாங்க வசதி வேண்டும் என்பதுதான் அன்றைய நிலை.

டாம் நான்கு ஆண்டு பயிற்சித் தொழிலாளியாகவும் பிறகு சில ஆண்டு கைத்தொழிலாளியாகவும் ராபர்ட்சனிடம் இருந்தார். திடலில் இருவரும் ஒரே அணி. ஜோடியாக அவர்கள் தோற்றதே இல்லை என்று அக்காலத்தவர் பெருமையாகச் சொன்னார்கள். 1844-இல் டாம், நான்சி என்று அழைக்கப்பட்ட ஆக்னஸ் பெய்னை மணந்தார். வாழ்க்கை ஒரு சீராகப் போய்க்கொண்டிருந்தது.

அதைக் கலைத்தது நம் மலாய்க் காடுகளிலிருந்து போன ஒரு மரப்பால்.

கெத்தா என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஆனால் ரப்பர் மரம் இங்கே வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தாபான் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் காட்டு மரத்தின் பாலிலிருந்து கெத்தா பெர்ச்சா எடுக்கப்பட்டு வந்தது. இது ரப்பரைப் போல இழுபடாது. வெந்நீரில் போட்டால் களிமண்ணாகக் குழையும், ஆறினால் கெட்டியாகும். உள்ளூர் மக்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்ய அதைப் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி அதைக் கவனித்து, 1843-இல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் அதற்குப் பெரும் கிராக்கி உண்டானது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேலுறை போட அதைவிடச் சிறந்த பொருள் அப்போது இல்லை. பால் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்திலிருந்து கிடைத்ததோ கொஞ்சம் பால். தீவிலும் தீபகற்பத்திலும் தாபான் மரங்கள் மளமளவென்று அழிந்தன. கோல்ஃபின் பெருமையைப் பேசும் நூல்கள் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை, நாம் புரட்டலாம்.

அந்தப் பொருள் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கு நாட்டிலிருந்து ஒரு குடும்பத்துக்குத் திருமால் சிலை ஒன்று பெட்டியில் வந்ததாம். சிலை உடையாமலிருக்கச் சுற்றிலும் கெத்தா பெர்ச்சாத் துண்டுகள் அடைத்திருந்தனவாம். அந்த வீட்டு இளைஞர் அதை உருட்டி முதல் பந்தைச் செய்தாராம். கதையின் உண்மை எப்படியோ, 1848 வாக்கில் புதிய பந்து கடைக்கு வந்துவிட்டது. விலை மலிவு. நனைந்தாலும் கெடாது. அடிபட்டு உருக்குலைந்தால் வெந்நீரில் போட்டு மறுபடி உருட்டிக்கொள்ளலாம்.

ராபர்ட்சனுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. தம் தொழில் இதோடு முடிந்தது என்று பயந்தார். கண்ணில் பட்ட புதுப் பந்துகளை விலைக்கு வாங்கி எரித்ததாகக்கூடச் சொல்வார்கள். தம் ஆள்கள் யாரும் அதைத் தொடக்கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார். ஒரு நாள் டாம் ஆடிக்கொண்டிருந்தபோது கைவசமிருந்த இறகுப் பந்துகள் தீர்ந்துவிட்டன. உடன் ஆடியவர் புதுப் பந்து ஒன்றைக் கொடுத்தார். டாம் அதை அடித்துப் பார்த்தார். செய்தி முதலாளியின் காதுக்கு எட்டியது. கடும் வாக்குவாதம். டாம் வேலையை விட்டு வெளியேறினார்.

இருவர் மீதும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் தம் கைத்தொழில் கண்ணெதிரே சாவதைப் பார்த்தவர்; மற்றவர் காலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் கையால் உணர்ந்தவர். சில காலத்துக்குள் ராபர்ட்சனே புதுப் பந்தைச் செய்து விற்கத் தொடங்கினார். இருவரும் மீண்டும் ஜோடி சேர்ந்து ஆடவும் செய்தார்கள். ஆனால் முதலாளி, தொழிலாளி உறவு திரும்பவில்லை.

டாம் சொந்தமாகக் கடை வைத்தார். அதோடு துயரமும் வந்தது. 1850-இல் மூத்த மகன் டாமி நான்கு வயதில் இறந்தான். அடுத்த ஆண்டு பிறந்த பிள்ளைக்கும் அதே பெயரை வைத்தார்கள். கைக்குழந்தையோடு குடும்பம் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே புதிதாகத் தொடங்கிய மன்றத்துக்குத் திடல் அமைத்துப் பராமரிக்கும் வேலை டாமுக்குக் கிடைத்தது.

மேடும் பள்ளமுமான மணல்வெளியில் அவர் பன்னிரண்டு குழிகள் கொண்ட திடலை உருவாக்கினார். இயந்திரம் எதுவும் கிடையாது. மேட்டை வெட்டித் தள்ளாமல், நிலம் இருக்கிறபடியே அதன் வளைவுகளுக்குள் ஆட்டத்தைப் பொருத்தினார். அங்கேதான் அவருக்கு மணலின் அருமை தெரிந்தது. தள்ளுவண்டியிலிருந்த மணல் தவறிப் புல்தரையில் கொட்டியதாகவும், சில நாள் கழித்து அந்த இடத்தில் மட்டும் புல் செழித்திருந்ததாகவும் ஒரு கதை உண்டு. புல்தரைமேல் மெல்லிய மணல் போர்வை தூவினால் பள்ளங்கள் நிரவும், மழைநீர் தேங்காமல் இறங்கும், புல் புதுத்தூர் விட்டு அடர்த்தியாகும். இன்று உலகெங்கும் திடல் பராமரிப்பாளர்கள் செய்யும் அடிப்படை வேலை இது. டாம் எந்த வேளாண் கல்லூரியிலும் படிக்கவில்லை.

1859-இல் ராபர்ட்சன் மறைந்தார். இனி யார் முதல்வர் என்ற கேள்வி எழுந்தது. அதைத் தீர்க்க 1860 அக்டோபர் 17-இல் பிரெஸ்ட்விக்கில் எட்டுப் பேர் கூடினார்கள். ஒரே நாளில் பன்னிரண்டு குழிகள் கொண்ட திடலை மூன்று முறை சுற்ற வேண்டும். பரிசு, சிவப்புத் தோலால் செய்த இடைவார். ஓபன் போட்டி என்று இன்று உலகமே பார்க்கும் போட்டியின் தொடக்கம் அது. தம் கையால் உருவாக்கிய திடலிலேயே டாம் இரண்டு அடி வித்தியாசத்தில் வில்லி பார்க்கிடம் தோற்றார். ஆனால் 1861, 1862, 1864, 1867 என நான்கு முறை வென்றார். 1862-இல் வென்றது 13 அடி வித்தியாசத்தில். பெரும் போட்டிகளில் அந்தச் சாதனையை முறியடிக்க 2000-ஆம் ஆண்டில் டைகர் வூட்ஸ் வரவேண்டியிருந்தது.

இவ்வளவு திறமையிலும் ஒரு குறை. நீண்ட தூரம் அழகாக அடிப்பார்; குழிக்குப் பக்கத்தில் வந்ததும் கை தடுமாறும். கைக்கெட்டும் தூரப் பந்தைத் தவறவிடுவதில் அவர் பேர்பெற்றவர். யாரோ ஒரு குறும்புக்காரர், பெயரை எழுதாமல், கிட்டத்துப் பந்தைத் தவறவிடுபவர், பிரெஸ்ட்விக் என்று மட்டும் முகவரி எழுதிக் கடிதம் போட்டாராம். தபால்காரர் நேராக டாமிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். டாம் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார் என்பார்கள்.

இதற்கிடையே செயின்ட் ஆண்ட்ரூஸ் திடல் சீரழிந்து கிடந்தது. 1864-இல் அங்குள்ள மன்றம் அவரைத் திரும்ப அழைத்தது. சம்பளம் ஆண்டுக்கு 50 பவுண்டு; திடலுக்குச் செலவிட 20 பவுண்டு; கருவிகள் என்று ஒரு தள்ளுவண்டி, ஒரு மண்வெட்டி, ஒரு சவல்; கனமான வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆள். இதை வைத்துக்கொண்டுதான் அவர் வேலையைத் தொடங்கினார்.

அன்றைய ஓல்ட் கோர்ஸ் ஒரு குறுகிய பாதை. இரு பக்கமும் மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர்கள். நகரத்திலிருந்து ஈடன் ஆற்றின் முகத்துவாரம் வரை ஆடிக்கொண்டே போய், அதே வழியில் திரும்ப வேண்டும். போகிறவர்களும் வருகிறவர்களும் நேருக்கு நேர் வருவார்கள். பந்துகள் தலைக்கு மேல் பறக்கும். டாம் புதர்களை வெட்டிப் பாதையை அகலமாக்கினார். குழிகள் இருக்கும் வழுவழுப்பான புல்தரைகளை விரிவாக்கி, ஒரே தரையில் போவதற்கு ஒரு குழியும் வருவதற்கு ஒரு குழியும் இடம்பெறச் செய்யும் வேலையைத் தொடர்ந்தார். ஓல்ட் கோர்ஸில் இன்றும் இப்படி ஏழு இரட்டைத் தரைகள் உள்ளன. முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் புதிய தரைகளை அமைத்தார். இதனால் திடலை வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் மாற்றி மாற்றி ஆடவும், மிதிபட்ட பக்கத்துக்கு ஓய்வு கொடுக்கவும் முடிந்தது.

இன்னொரு மாற்றம் சிறியதாகத் தோன்றும், ஆனால் பெரியது. அதுவரை ஒரு குழியை முடித்தவுடன் அதன் அருகிலேயே, குழிக்குள்ளிருந்து மணல் அள்ளிக் குவித்து, அதன்மேல் பந்தை வைத்து அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவார்கள். குழியைச் சுற்றியுள்ள தரை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொடங்கும் இடத்தைத் தனியாகப் பிரித்தார் டாம். புல்தரைகள் மூச்சுவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையிலும் அவர் உறுதியாக இருந்தார். அது சமயப் பற்றுள்ள ஊர். டாமும் தேவாலயத்தில் மூப்பராக இருந்தவர். ஆனால் ஆடத் துடித்தவர்களிடம் அவர் சொன்ன காரணம் வேறு. மனிதருக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் புல்லுக்கு வேண்டும் என்பது அவர் வாதம். பிரபுக்கள் கேட்டாலும் இதே பதில்தான். சம்பளம் கொடுப்பவர்களிடம் இப்படிச் சொல்ல அக்காலத்தில் நெஞ்சுரம் வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர் கனவான்களுக்குச் சமமாகக் கருதப்படாத காலம் அது.

அவருடைய மகன் டாமி வேறு வார்ப்பு. தந்தை தொப்பியைக் கழற்றிப் பணிவாகப் பேசுவார். மகன் தன் ஆட்டத்துக்கு உரிய மதிப்பைக் கேட்டு வாங்கினான். கேட்பதற்கு அவனுக்குத் தகுதியும் இருந்தது. 1867-இல் தந்தை கடைசியாக ஓபன் போட்டியை வென்றபோது அவருக்கு வயது 46. அடுத்த ஆண்டே மகன் வென்றான். அவனுக்கு வயது 17. அப்போட்டியை வென்றவர்களில் மிக மூத்தவர் தந்தை, மிக இளையவர் மகன் என்ற இரு சாதனைகளும் இன்றுவரை நிற்கின்றன. 1869-இல் மகன் முதலிடம், தந்தை இரண்டாமிடம். 1870-இல் மூன்று சுற்றையும் 149 அடியில் முடித்து டாமி மூன்றாம் முறை வென்றபோது, விதிப்படி இடைவார் அவனுக்கே சொந்தமானது. கொடுக்கப் பரிசு இல்லாமல் 1871-இல் போட்டியே நடக்கவில்லை. 1872-இல் மீண்டும் நடந்தபோதும் வென்றவன் டாமிதான்.

1875 செப்டம்பரில் தந்தையும் மகனும் கடற்கழிக்கு அப்பாலுள்ள நார்த் பெரிக்கில், பார்க் சகோதரர்களை எதிர்த்து ஜோடியாக ஆடினார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் தந்தி வந்தது. டாமியின் மனைவி மார்கரெட்டுக்குப் பிரசவ வேதனை, நிலைமை மோசம். ரயிலில் சுற்றிப் போக நேரமாகும் என்று ஒருவர் தம் பாய்மரப் படகைக் கொடுத்தார். இரவோடு இரவாகக் கழியைக் கடந்தார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

டாமி அதன்பின் பழைய டாமியாக இல்லை. குளிர்காலத்தில், பனி விழுந்து கிடந்த திடலில், பல நாள் நீண்ட பந்தய ஆட்டம் ஒன்றை ஆடி வென்றான். சில வாரம் கழித்து, 1875 கிறிஸ்துமஸ் நாள் காலையில், தந்தையின் வீட்டில், படுக்கையிலேயே இறந்து கிடந்தான். வயது 24. நுரையீரல் இரத்தக்கசிவு என்றது மருத்துவம். மனம் உடைந்து இறந்தான் என்றது ஊர். அது உண்மையானால் நான் எப்படி இன்னும் உயிரோடிருக்கிறேன் என்ற பொருளில் தந்தை பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

அடுத்த ஆண்டு நான்சியும் போய்விட்டார். பிறவியிலேயே கால் செயலிழந்து, சக்கரப் பலகையில் நகர்ந்தபடி கடையில் உதவிவந்த மகன் ஜான், மகள் எலிசபெத், கடைசியாக 1906-இல் மகன் ஜேம்ஸ் என ஒவ்வொருவராக அவருக்கு முன்பே சென்றார்கள். பெற்ற பிள்ளைகள் அனைவரையும் அடக்கம் செய்த தகப்பன் அவர்.

ஆனாலும் விடிந்தால் கடலில் குளியல், குளிர்காலத்திலும் விடமாட்டார். பிறகு திடல். பதினெட்டாம் குழிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய கடை வாசலில் வெண்தாடியும் புகைக்குழாயுமாக நின்று வருவோரை வரவேற்பார். வெளியூர்களும் அழைத்தன. நாளுக்கு ஒரு பவுண்டும் பயணச் செலவும் கொடுத்தால் வந்து திடல் வகுத்துத் தருவார். மியூர்ஃபீல்டு, டோர்னாக், அயர்லாந்தின் லஹின்ச், ராயல் கவுண்டி டவுன் எனப் பல திடல்களில் அவர் கை பட்டிருக்கிறது. மேற்குத் தீவுகளில் அவர் 1891-இல் வகுத்த அஸ்கர்னிஷ் திடல் காலப்போக்கில் மறக்கப்பட்டு ஆடுமாடு மேயும் நிலமாகிவிட்டது. நூறாண்டுக்குப் பிறகு அதைக் கண்டுபிடித்துப் புல்லைச் சீராக்கி 2008-இல் மறுபடி திறந்தார்கள்; மண்ணை அவர் அதிகம் புரட்டாததால் திடலின் வடிவம் நிலத்திலேயே பத்திரமாக இருந்தது.

இனி, பாதியில் விட்ட நிலத்தின் கதை. சீப் குடும்பத்தின் கையிலிருந்த நிலம் மீண்டும் விற்பனைக்கு வந்தது. மன்றம் ஒரு பக்கம், நகரம் ஒரு பக்கம் போட்டி போட்டன. 1894-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி நிலத்தை நகரத்துக்கு உரியதாக்கியது. டாமுக்கு அப்போது 73 வயது. முயல் சண்டை முடிந்த ஆண்டில் பிறந்தவர், ஊர் தன் மண்ணை மீட்ட ஆண்டிலும் அதைப் பராமரித்துக்கொண்டிருந்தார். பெருகிவந்த ஆட்டக்காரர்களுக்காக, ஓல்ட் கோர்ஸுக்குப் பக்கத்திலேயே 1895-இல் நியூ கோர்ஸ் என்ற இரண்டாவது திடல் திறந்தது. அதை வகுத்ததும் அவர்தான்.

இன்று அங்கே ஆட விரும்பும் வெளியூர்க்காரர் தம் பெயரைக் கொடுத்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்கலாம். கட்டணம் மலிவு என்று சொல்ல மாட்டேன். மாணவர் கைச்செலவுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஊர்க்காரர்கள் ஆண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு தங்கள் முறைக்கு ஆடுகிறார்கள். சாம்பியன் அடித்த அதே புல்லில் பள்ளி ஆசிரியரும் தச்சரும் அடிக்கிறார்கள். ஈடன் முகத்துவாரம் வரை கடற்காற்றை எதிர்த்து நடந்துவிட்டுத் திரும்பும்போது, தூரத்தில் பழைய பேராலயத்தின் இடிந்த கோபுரங்களும் நகரத்தின் சாம்பல் நிறக் கல்வீடுகளும் மெல்ல அருகே வரும். கடைசி அடியை வேடிக்கை பார்க்கத் தெருவோரத்தில் யாராவது எப்போதும் நின்றுகொண்டிருப்பார்கள்.

1903-இல் டாம் பணியிலிருந்து விலகினார். மன்றம் அவருக்குச் சம்பளத்தை ஓய்வூதியமாகத் தொடர்ந்தது. அவருடைய ஓவியத்தைத் தீட்டச் செய்து மாளிகையில் மாட்டியது. 1908 மே 24, ஞாயிற்றுக்கிழமை. கடைசிக் குழியை ஒட்டியிருந்த நியூ கோல்ஃப் கிளப் கட்டடத்தில் 86 வயது முதியவர் தவறான கதவைத் திறந்து, இருட்டில் படிக்கட்டில் உருண்டு விழுந்தார். அன்றே உயிர் பிரிந்தது. ஊரே திரண்டு பேராலயத்து மயானம் வரை நடந்தது. அங்கே, அறுபது கோல்ஃப் சங்கங்கள் பணம் திரட்டிச் சுவரில் எழுப்பிய கற்சிலையில், டாமி பந்தை அடிக்கத் தயாராக நிற்கிறான். அந்தச் சிலையின் காலடியில், மனைவி மக்களோடு, டாமையும் அடக்கம் செய்தார்கள்.